முகத்தை மூடினால் கால் தெரிகிறது: 'காஞ்சிவரம்' படத்தின் முடிவு

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தை எப்போதோ பார்த்தவர்களிடம் கதையைக் கேட்டால் கொஞ்சம் தடுமாறுவார்கள். கடைசிக் காட்சியைக் கேட்டால் தடுமாற மாட்டார்கள். இறந்து கிடக்கும் மகள்மீது ஒரு அப்பன் பட்டுத்துணியைப் போர்த்துகிறான். முகத்தை மூடினால் கால் தெரிகிறது. காலை மூடினால் முகம் தெரிகிறது. மேலே இழுக்கிறான், கீழே இழுக்கிறான், துணி பத்தவில்லை. அது முழுப் புடவை இல்லை, பாதியில் நின்றுபோன புடவை. அப்புறம் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வருகிறது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பார்த்தவர்களுக்கு மூன்று கேள்விகள் வரும். அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா? பெற்ற மகளை ஏன் கொன்றான்? நடுவில் வந்த வேலைநிறுத்தம் என்ன ஆயிற்று? முதல் இரண்டையும் எல்லோரும் கேட்பார்கள். மூன்றாவதை யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. அதைப் பிடித்தால் மற்ற இரண்டும் தானாக அவிழ்கின்றன. முடிவை ஒன்றுவிடாமல் பேசப்போகிறேன். அதனால் படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

படம் 2008 செப்டம்பரில் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. தியேட்டருக்கு வந்தது 2009 மார்ச்சில். 2007ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் என இரண்டு பெரிய விருதுகள் கிடைத்தன. நடிகர் பிரகாஷ்ராஜ். விருது வாங்கிய படம் என்பதாலேயே அழுகைப் படம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. இன்னொரு குறையும் சொல்லலாம்: முதல் பாதியில் ஒரு மனிதனின் ஆசை, நடுவில் சங்கம், கோரிக்கை, வேலைநிறுத்தம், கடைசியில் மறுபடி குடும்பச் சோகம். நடுவில் வந்த போராட்டத்தை அந்தரத்தில் விட்டுவிட்டார்கள் என்று. முதல் முறை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்த வேலைநிறுத்தம் திரையில் முடிவதாகக் காட்டும் இடத்தில் முடியவே இல்லை. அதன் கணக்கு முடிவது அந்தக் கடைசி நிமிடத்தில்தான்.

கதையை முதலில் வரிசைப்படுத்திக்கொள்வோம். படம் அதை முன்னும் பின்னுமாகச் சொல்கிறது. 1948. கைதி வேங்கடத்தைக் குறுகிய பரோலில் போலீஸ்காரர்கள் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போகிறார்கள். வெளியே மழை. வழியில் நடக்கும் ஒவ்வொன்றும் அவனைப் பழைய நாட்களுக்கு இழுத்துப்போகிறது. வேங்கடம் பட்டு நெசவாளி. முதலாளியின் தறிக்கூடத்தில் கூலிக்கு நெய்கிறவன். மனைவி அன்னம். கல்யாணத்தில் அவளுக்குப் பட்டு உடுத்த அவனால் முடியவில்லை. மகள் தாமரை பிறந்ததும், இவள் கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை தருவேன் என்று ஊர் கேட்க வாக்குக் கொடுத்துவிடுகிறான். கேட்டவர்களுக்கு ஆச்சரியம். பட்டு நெய்கிறவன் வீட்டில் பட்டா?

அதற்காகச் சேர்த்த பணம் தங்கை குடும்பத்தின் நெருக்கடிக்குப் போய்விடுகிறது. நேர்வழியில் இனி நடக்காது என்றானதும், தறிக்கூடத்திலிருந்து பட்டு நூலை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே வர ஆரம்பிக்கிறான். வாசலில் சோதனை போடுகிறவர்கள் துணியைத்தான் உதறிப் பார்க்கிறார்கள். வாயைத் திறக்கச் சொல்வதில்லை. வீட்டில், யாருக்கும் தெரியாமல், ராத்திரியில் அந்த நூலில் ஒரு புடவை வளர்கிறது. வருஷங்கள் போகின்றன. அன்னம் இறந்துபோகிறாள்.

இடையில் ஊருக்கு ஒரு எழுத்தாளர் வருகிறார். பொதுவுடைமைக் கருத்துக்களோடு வருகிறார். வேங்கடம் அவரிடம் ஒட்டிக்கொள்கிறான். அவர் இல்லாமல் போன பிறகு அந்த இடத்தில் நின்று நெசவாளிகளைத் திரட்டுகிறவனும் அவன்தான். கூலி கேட்டு வேலைநிறுத்தம். அதே நேரத்தில் தாமரைக்கு நண்பரின் மகனோடு, பட்டாளத்தில் இருக்கும் பையனோடு, கல்யாணம் பேசி முடிகிறது. சீக்கிரம் நடத்தவேண்டிய நிலைமை. புடவை பாதியில் நிற்கிறது.

இங்கேதான் படம் தன் பிடியைக் காட்டுகிறது. தறிக்கூடம் மூடிக் கிடந்தால் கூலி மட்டுமா நிற்கும்? திருட்டும் நிற்கும். வாயில் அடக்கிக்கொண்டு வர நூல் எங்கே? தான் முன்னின்று நடத்தும் வேலைநிறுத்தத்தால் தன் புடவைக்கு நூல் வரத்தை நிறுத்தியவன் வேங்கடமே. வேலைநிறுத்தம் முதலாளியை நெருக்குகிற அளவுக்குத் தலைவனையும் நெருக்குகிறது. இதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் முடியாது. 'தோழர்களே, எனக்குக் கொஞ்சம் நூல் திருட வேண்டியிருக்கிறது' என்றா சொல்வான்?

அவன் வேலைநிறுத்தத்தை முடித்துவிட்டு எல்லோரையும் வேலைக்குத் திரும்பச் சொல்கிறான். கூட இருந்தவர்களுக்குக் காரணம் புரியவில்லை. விலை போய்விட்டான் என்று நினைக்கிறவர்கள் நினைக்கிறார்கள். ஒருவகையில் அது உண்மைதான், ஆனால் முதலாளியிடம் விலை போகவில்லை. மகள் பிறந்தபோது தன் வாயாலேயே சொன்ன ஒரு சொல்லுக்கு விலை போனான். திரும்பப் போய் நூலெடுக்கிறான், மாட்டிக்கொள்கிறான், அடி, ஜெயில். கல்யாணம் நிற்கிறது. அவன் உள்ளே இருக்கும்போது தாமரை கிணற்றில் விழுந்து, உடம்பு அசையாமல் படுத்துவிடுகிறாள். அதற்காகத்தான் பரோல்.

ஆங்கிலத்தில் படத்துக்கு 'எ கம்யூனிஸ்ட் கான்ஃபிடென்ஷியல்' என்று ஒரு துணைத்தலைப்பு உண்டு. ஒரு கம்யூனிஸ்டின் ரகசியம். முதலில் பார்க்கும்போது இது விளம்பரத்துக்கு ஒட்டிய சீட்டு மாதிரித்தான் தெரிந்தது. அந்தக் காலத்தில் கம்யூனிஸ்டாக இருப்பதே ரகசியம்தானே என்று விட்டுவிட்டேன். அது தப்பில்லை. 1934ல் கட்சி தடைசெய்யப்பட்டது. தடை நீங்கியது 1942ல். படம் தொடங்கும் 1948ல் மறுபடி கைது, தேடுதல் வேட்டை. ஆனால் வேங்கடத்தின் ரகசியம் கட்சி இல்லை. சர்க்காரிடமிருந்து மறைக்கவேண்டியது ஒன்று, தோழர்களிடமிருந்து மறைக்கவேண்டியது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய ரகசியம், அது பின்கட்டில் தறியில் இருக்கிறது.

நெய்கிறவன் தான் நெய்ததை உடுத்த வேண்டும் என்பதுதான் அவன் ஆசை. சங்கத்தின் கோரிக்கையும் சுற்றிவளைத்துப் பார்த்தால் அதே ஆசைதான். கூலி உயர்ந்தால், ஒரு தலைமுறையிலோ இரண்டு தலைமுறையிலோ, நெசவாளி வீட்டுப் பெண் பட்டு உடுத்தலாம். ஒரே ஆசைக்கு இரண்டு வழி. ஒன்று ஊரோடு சேர்ந்து போவது, நீண்டது, எப்போது போய்ச் சேரும் என்று தெரியாதது. மற்றது தனியாக, வாய்க்குள் நூலை அடக்கிக்கொண்டு போவது. கல்யாணத் தேதிக்குள் போய்ச் சேர அதுதான் ஒரே வழி. வேங்கடம் இரண்டிலும் ஒரே நேரத்தில் நடக்கிறான். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று அவனைச் சொல்லிவிடலாம். சொல்கிறவர்கள் அவன் இடத்தில் ஒரு பெண்ணைப் பெற்றுப் பார்க்க வேண்டும்.

தறி வேலைநிறுத்தம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்தால் அவன் அவசரம் இன்னும் புரியும். நம் ஊரில் வேலைநிறுத்தம் என்றதும் மில்தான் நினைவுக்கு வரும். 1908ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியபோது வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள், ஊர் மக்களும் ஆதரவு கொடுத்தார்கள், சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்தது. மில் இயந்திரம் நின்றால் முதலாளிக்கு அன்றைக்கே நஷ்டம். எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. 1921ல் சென்னையில் பக்கிங்ஹாம், கர்நாட்டிக் மில்களில் நடந்த வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் இழுத்தது. ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்ப, அது தொழிலாளர்களுக்குள்ளேயே சாதிச் சண்டையாக மாறி, புளியந்தோப்புக் கலவரமாக வெடித்து, கடைசியில் போராட்டம் தோற்றது.

பட்டுத் தறியில் கணக்கே வேறு. பட்டு அழுகாது. நெய்து வைத்த புடவை பீரோவில் கிடந்தால் மடிப்பை மாற்றி வைத்தால் போதும், அடுத்த முகூர்த்தத்துக்கு விற்கும். இயந்திரம் என்று எதுவும் இல்லாததால் நின்றுபோய் நஷ்டம் கொடுக்கவும் எதுவும் இல்லை. நெசவாளிக்கோ கூலி புடவைக்கு இவ்வளவு என்றுதான். புடவை இறங்கினால்தான் காசு. அதுவும் முன்பணக் கடனில் கழிந்தது போகத்தான் கையில் வரும். ஆகவே நெசவாளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் முதலில் காலியாவது அவன் அரிசிப் பானை. முதலாளிக்கு உறைக்க வேண்டுமென்றால் கல்யாண மாதங்கள் நெருங்கும்போது, கடையில் சரக்குக் குறையும்வரை, தாக்குப்பிடிக்க வேண்டும். கல்யாண மாதம்தான் நெசவாளியின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம். வேங்கடத்துக்கோ அவன் வீட்டுக் கல்யாணமே அந்த ஆயுதத்தைப் பிடுங்கிக்கொள்கிறது.

வேலைநிறுத்தப் படங்களில் போராட்டத்தை உடைக்க வழக்கமாக யாராவது வெளியிலிருந்து வருவார்கள். கூலிக்கு ஆள் வரும், போலீஸ் வரும், கையில் பணத்தைத் திணிக்கும் ஒரு மேஸ்திரி வருவார். கடைசியில் ஒன்று செங்கொடி உயரும், இல்லாவிட்டால் பிணங்கள் விழும். இரண்டிலும் பார்க்கிறவனுக்கு யார் பக்கம் நிற்பது என்பதில் குழப்பம் இருக்காது. இந்தப் படத்தில் அடக்குமுறை இல்லாமல் இல்லை. ஆனால் உடைத்தது அது இல்லை. நம்பிக் கூட வந்தவர்களை நடுவில் விட்டவனையே நாம் கடைசிவரை பின்தொடர வேண்டியிருக்கிறது. அவன்மீது கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. படத்துக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்குத்தான்.

சரி, குடிசைக்குத் திரும்புவோம். ஏன் கொன்றான்?

பரோல் முடிந்தால் அவன் உள்ளே போக வேண்டும். தாமரைக்கு எழுந்து உட்காரக்கூட ஆள் துணை வேண்டும். ஊட்டிவிட வேண்டும், துடைத்துவிட வேண்டும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மா இல்லை. தங்கை வீட்டில் வைத்துக்கொள்ள மறுத்துவிடுகிறார்கள். சம்பந்தியாக வேண்டியவர்கள் முகம் திருப்பிக்கொண்டாயிற்று. அவன் சோற்றில் விஷம் கலந்து, தன் கையாலேயே ஊட்டுகிறான். அவள் வாங்கிக்கொள்கிறாள். இவ்வளவுதான் காரணம். இதற்கு மேல் தத்துவம் ஒன்றும் தேவையில்லை.

ஆனால் அந்த வீட்டில் இல்லாதவர்களை எண்ணிப் பார்க்க வேண்டும். சங்கம் என்பது கூலி பேசுகிற இடம் மட்டும் இல்லை. வேலைநிறுத்தம் நீளும்போது யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்க்கிறதும் அதுதான். ஒருத்தன் ஜெயிலுக்குப் போனால் அவன் பிள்ளைகுட்டிக்கு நாலு வீட்டிலிருந்து கஞ்சி வருவதும் அதனால்தான். போராட்டத்தில் உள்ளே போனவன் மகளைத் தெரு பார்த்துக்கொள்ளும். திருடி உள்ளே போனவன் மகளை, அதுவும் போராட்டத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் திருடியவன் மகளை, எந்தத் தெரு பார்த்துக்கொள்ளும்? வேங்கடம் வேலைநிறுத்தத்தை முடித்த அன்று, தாமரைக்கு வர வேண்டிய அந்த நாலு வீட்டுக் கஞ்சியையும் சேர்த்து நிறுத்திவிட்டான். அப்போது அவனுக்கு அது தெரியாது. புடவைக்குத் துணையாக இருந்தது எல்லாம் போய், புடவை மட்டும் மிஞ்சுகிறது, அதுவும் பாதி. வேலைநிறுத்தத்தின் கணக்கு கடைசி நிமிடத்தில் முடிகிறது என்று மேலே சொன்னது இதைத்தான். குடும்பச் சோகம் என்று நாம் பிரித்து வைக்கிறது சங்கம் உடைந்ததன் மிச்சம்.

இனி புடவை. நெசவு தெரிந்தவர்களுக்கு இந்தப் படத்தில் ஒரு உறுத்தல் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். புடவைக்கு நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. ஊடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தாராக, அதாவது சின்னக் குழலில், சுற்றிக்கொள்ளலாம், இன்று கொஞ்சம் நாளை கொஞ்சம் என்று நெய்யலாம். பாவு அப்படி இல்லை. ஆயிரக்கணக்கான இழைகள், ஒவ்வொன்றும் புடவையின் முழு நீளத்துக்கு, முதல் நாளே தறியில் ஏறியிருக்க வேண்டும். வாயில் அடக்கிக் கொண்டுவந்த நூலில் பாவு ஓட்ட முடியுமா? அப்புறம், காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவை, அதாவது கரையைத் தனி நூலில் நெய்து உடலோடு கோர்க்கிற புடவை என்றால், உடலுக்கு ஒரு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருத்தர் உட்கார்ந்து கரை நாடாவை எறிந்து கொடுக்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள்தான் அந்த வேலையைச் செய்வார்கள். யாரிடமும் சொல்லாமல் நெய்கிறவனுக்கு அந்த இரண்டாவது கை எங்கிருந்து வரும்? தறிச் சத்தம் ராத்திரியில் தெருக்கோடிவரை கேட்குமே? எல்லாம் நியாயமான கேள்விகள். இந்த இடத்தில் படத்தைக் கதையாக விட்டுவிடுவதுதான் நல்லது. பாட்டி சொல்லும் கதையில் பூசணிக்காய் எப்படிப் பேசியது என்று கேட்பதில்லை.

ஆனால் பாவு பற்றித் தெரிந்தால் கடைசிக் காட்சி இன்னும் கனமாகிவிடுகிறது. பாதி நெய்த புடவையில் 'இல்லாத' பாதி உண்மையில் இல்லாமல் இல்லை. அது பாவாகத் தறியில் ஏறி, நீளவாக்கில் இழுத்துக் கட்டி, தயாராக இருக்கும். குறுக்கே ஓடவேண்டிய நூல்தான் வரவில்லை. புடவை முழுசாக இறங்கினால் நெசவாளி அதைப் பாவிலிருந்து அறுத்து எடுப்பார். அன்றைக்கு வீட்டில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கும், கூலி வரப்போகிறது. முடியாத புடவையை அறுப்பது வேறு. அறுத்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது இனி புடவை ஆகாது. வேங்கடம் மகள்மேல் போர்த்தும் துணி அப்படி அறுத்த துணி.

நம் வழக்கத்தில் புதுத்துணிக்கு இரண்டு பெரிய நாட்கள் உண்டு. ஒன்று கல்யாணத்தன்று கூறைப்புடவை. இன்னொன்று சாவன்று கோடி. கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடி வர வேண்டும். அப்பாவோ அண்ணன் தம்பியோ புதுப்புடவை கொண்டுவந்து போர்த்துவார்கள். எவ்வளவு மனஸ்தாபம் இருந்தாலும் பிறந்த வீட்டுக் கோடி வராமல் எடுக்க மாட்டார்கள். தாமரைக்குப் புகுந்த வீடு என்று ஒன்று அமையவே இல்லை. கூறையாக வரவேண்டிய புடவை நேராகக் கோடியாக வருகிறது. வாக்குக் கொடுத்தது அப்பா, நெய்தது அப்பா, போர்த்துவதும் அப்பா. படத்தில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நமக்குச் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. வெளிநாட்டு விழாவில் பார்த்தவர்களுக்கு அது ஒரு தகப்பன் மூடமுடியாத பிணம். துஷ்டி வீட்டுக்குப் போய்ப் பழகிய நமக்கு அது கோடி பத்தாத பிணம்.

முகத்துக்கும் காலுக்கும் நடுவே அவன் அந்தத் துணியை இழுத்து இழுத்துப் பார்ப்பதைப் பைத்தியத்தின் செய்கையாகத்தான் பலரும் படிக்கிறார்கள். எனக்கு அது அளவெடுக்கிற மாதிரி இருக்கிறது. வாழ்நாள் முழுக்கத் துணியின் நீளத்தைக் கையாலும் கண்ணாலும் அளந்தவன் அவன். முழக்கணக்கு அவன் உடம்பில் ஊறியது. ஒரு முறை போர்த்தியதுமே பத்தாது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் இழுத்துப் பார்க்கிறான். எத்தனை முழம் குறைகிறது? நெய்யாமல் போனது எத்தனை நாள்? வேலைநிறுத்தம் நடந்த நாட்கள் எத்தனை, மாட்டிக்கொண்டபின் போன நாட்கள் எத்தனை? அந்த ஒவ்வொரு நாளும் துணியில் ஒரு விரற்கடை. அன்று வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்திருந்தாலும் புடவை இந்த நீளம்தான் இருந்திருக்கும். ஆனால் மகள் உயிரோடு இருந்திருக்கக்கூடும். நிறுத்தியும் புடவை நீளவில்லை. இந்தக் கணக்கு அவன் மனதில் ஓடியதா என்று எனக்குத் தெரியாது. பிரகாஷ்ராஜ் முகத்தில் ஓடுவதாகத்தான் நான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புக்கு வருவோம். புத்தி பிசகிவிட்டது என்று சொல்வது சுலபம், அது முழுக்கத் தப்பு என்றும் சொல்லமாட்டேன். ஆனால் பைத்தியம் என்றதும் நமக்கு ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. அவன் நம் பக்கம் இல்லை, வேறு எங்கோ போய்விட்டான் என்ற நிம்மதி. அந்தச் சிரிப்பு நம்மை அப்படி விடுவிப்பதாக எனக்குப் படவில்லை. ரொம்ப நாளாக மறைத்து வைத்திருந்ததை முதல் முறையாக வெளியே எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறவனின் கூச்சம் அதில் இருக்கிறது. வருஷக்கணக்காக யார் கண்ணிலும் படாமல் வளர்ந்த புடவை. தோழர்களுக்குத் தெரியாது, ஊருக்குத் தெரியாது. இப்போது கூடவந்த போலீஸ்காரர்களும் தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாமும் பார்க்கிறோம். 'இதோ, இதுக்குத்தான்' என்று சொல்கிற சிரிப்பு. கல்யாணப் பந்தலில் மகளைக் காட்டிச் சிரித்திருக்க வேண்டிய சிரிப்பும் அதேதான்.

1948 என்ற வருஷத்தையும் கவனிக்க வேண்டும். சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. வேங்கடத்துக்கு ஜெயில் அதே ஜெயில், பஸ் அதே பஸ், முதலாளியின் தறிக்கூடமும் அங்கேதான் இருக்கிறது. படம் இதைப் பெரிதாகக் கொட்டி முழக்காமல் தேதியை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவது எனக்குப் பிடித்தது.

நிஜத்தில் நெசவாளிகளுக்கு வேறு ஒரு வழி அப்போதே திறந்துகொண்டிருந்தது. சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர்களுக்கான தலைமைக் கூட்டுறவுச் சங்கம் 1935ல் தொடங்கியது. நாம் இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று அழைப்பது அதைத்தான். காஞ்சிபுரத்தில் பிற்பாடு காமாட்சியம்மன், அறிஞர் அண்ணா என்ற பெயர்களில் எல்லாம் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. அந்த அண்ணாவே நெசவாளர் குடும்பத்தில் 1909ல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1953ல் கைத்தறி தேங்கிக் கிடந்தபோது அவரும் கட்சிக்காரர்களும் துணியைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார்கள். கூட்டுறவுச் சங்கம் பட்டும் சரிகையும் கொடுக்கும், உறுப்பினர் வீட்டுத் தறியில் நெய்து கொண்டுபோய்க் கொடுப்பார், எடை பார்த்துக் கூலி தருவார்கள். முதலாளி என்று ஒருத்தர் முகம் நடுவில் இல்லை. நூலை நிறுத்துப் பார்க்கும் தராசு மட்டும் அங்கேயும் உண்டு.

அந்தத் தராசுதான் படத்தில் எனக்குக் கடைசிவரை நினைவில் நின்ற பொருள், படத்தில் அதைக் காட்டினார்களோ இல்லையோ. பட்டுத் தொழிலில் நூல் எடை போட்டுத்தான் வெளியே போகும், புடவை எடை போட்டுத்தான் உள்ளே வரும். சேதாரம் போக மீதிக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வேங்கடம் வருஷக்கணக்காக வாயில் வைத்து வெளியே கொண்டுவந்தது எல்லாம் யாரோ ஒருவர் கணக்கில் சேதாரம் என்று எழுதப்பட்டிருக்கும். அந்தச் சேதாரம் ஒரு பெண்ணை நெஞ்சிலிருந்து பாதம்வரை மூடுகிற அளவு இருந்தது. முகத்துக்குத்தான் பத்தவில்லை.